எனக்கு ஏன்டா சொல்லவில்லை?

தம்பிக்கு,

நீ ஃபுட்பால் ஆடுவதை நிறுத்திவிட்டாய் என்பதை எனக்குச் சொன்னது உன் பழைய கோல்கீப்பர். பெரம்பூரில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "இன்னாண்ணே, தம்பி ஷூவைக் கழட்டிட்டானாமே, ஸ்டேட்டஸ் பாக்கலியா?" என்று போனை நீட்டினான். "பார்த்தேன், போன வாரமே வீட்ல சொல்லிட்டான்" என்று அவனிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு டீயை முழுசாகக் குடிக்காமல் கிளம்பினேன். உன் ஸ்டேட்டஸ் எனக்கு வராது என்பது அப்போதுதான் தெரிந்தது. என்னை எப்போது ஒதுக்கினாய் என்று கேட்கப் போவதில்லை.

இன்று ஜூன் 6. இந்தத் தேதியை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2024இல் கொல்கத்தாவில் நம் இந்திய ஃபுட்பால் கேப்டன் சுனில் சேத்ரி ரிடையர் ஆகும் ஆட்டமாகக் குவைத்தோடு ஆடி, கோல் எதுவும் விழாமல் ஆட்டம் முடிந்து, மற்ற பிளேயர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்க நடுவில் அழுதுகொண்டே நடந்து போனாரே, அன்றைக்கு நீயும் அழுதாய். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன், சரி.

அந்த ஆட்டத்துக்கு மூன்று வாரம் முன்னால், மே 16ஆம் தேதி, ரிடையர் ஆகப் போகிறேன் என்று அவர் ஒரு வீடியோ போட்டார். அதை நீ எத்தனை முறை பார்த்தாய் என்பது இந்த வீட்டுச் சுவருக்கே தெரியும். அதில் அவர் என்ன சொல்கிறார்? முதலில் அப்பா, அம்மா, மனைவி மூன்று பேரிடமும் சொன்னேன், அப்பா சாதாரணமாக எடுத்துக்கொண்டார், அம்மாவும் மனைவியும் அழுதார்கள் என்கிறார். நாட்டுக்கு கேப்டன், 94 கோல் அடித்த மனுஷன், வீட்டில் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குச் சொன்னார். நீ அடித்த கோலுக்குக் கணக்கு வைத்திருப்பது அம்மாவின் தினசரி காலண்டர் மட்டும்தான், அதற்குள் உனக்கு ஸ்டேட்டஸ்!

பார், மறுபடியும் அதே கோல் கணக்கில்தான் வந்து நிற்கிறேன். அன்றைக்கும் இதே வாய்தான்.

2018 மார்ச் 17. சென்னையின் எஃப்.சி அணிக்கும் பெங்களூருக்கும் ஐ.எஸ்.எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனல், ஆட்டம் பெங்களூரில். நம் தெருவில் கேரம் போர்டு ஸ்டாண்டின் மேல் டி.வி.யை ஏற்றி, மாடி வீட்டிலிருந்து ஒயர் இழுத்துவிட்டிருந்தார்கள். அந்த வருஷம் தெருவுக்கே ஒரு மிதப்பு. வியாசர்பாடி பையன் தனபால் கணேஷ் அந்த அணியில் இருந்தார், செமிஃபைனலில் கோவாவுக்கு எதிராக ஒரு கோலும் போட்டிருந்தார். வியாசர்பாடி என்று இணையத்தில் தேடினால் வேறு என்னென்னவோ வரும் காலத்தில், கமென்ட்ரியில் அந்தப் பெயர் வரும்போதெல்லாம் பொடிசுகள் விசில் அடித்தார்கள்.

ஒன்பதாவது நிமிஷம். பெங்களூரின் உதாந்தா வலது பக்கம் பந்தோடு ஓடுகிறார், எல்லாருடைய கண்ணும் அவர் கால் மேல். நீ மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை ஸ்கிரீனின் இன்னொரு ஓரத்துக்கு நீட்டி, "இவரைப் பார், இவரைப் பார், கிளம்பிட்டார்" என்கிறாய். பந்து இன்னும் உதாந்தாவின் காலை விட்டுக் கிளம்பவே இல்லை. அப்புறம் கிராஸ் வருகிறது, பெங்களூருக்கு ஆடிய சேத்ரி பாய்ந்து விழுந்து தலையால் முட்டுகிறார், வலை ஆடுகிறது. தெருவே வாயடைத்துக் கிடக்கும்போது நீ ஒருத்தன் "கோல்" என்று கத்திக்கொண்டு எழுந்தாய். நாற்காலி பின்னால் போய் யார் மேலோ விழுந்தது. "நம்ம ஏரியா பையன் ஆடுறான், இவன் பெங்களூர்க்காரனுக்குக் கத்துறான் பாரு" என்று ஒருத்தர் குரல் கொடுத்தார். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், அண்ணன் இல்லையா. நான் சொன்னேன்: "டீம் லிஸ்ட்ல பேரே இல்லாதவன் நீ. சேத்ரிக்குக் கத்தினா சேத்ரி ஆயிடுவியா?"

சிரித்தார்கள். நீ ஒன்றும் சொல்லவில்லை. கீழே கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, மண்ணைத் தட்டிவிட்டு, அதிலேயே உட்கார்ந்தாய். நம் அணிக்குக் கார்னரிலிருந்து மைல்சன் இரண்டு முறை தலையால் போட்டது, ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது போட்டது, கடைசி நேரத்தில் பெங்களூரின் மிக்கு ஒன்றைத் திருப்பியது, எல்லாவற்றையும் பார்த்தாய். 3-2 என்று முடிந்து கணேஷ் இருந்த அணி கோப்பையைத் தூக்கியபோது எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினாய். எழுந்து போயிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த லிஸ்ட் விவகாரத்தை இங்கே எழுத மாட்டேன். எந்தக் கிளப், யார் வந்து என்ன கேட்டார், உன் இடத்தில் யார் பெயர் ஏறியது என்பதெல்லாம் நமக்குத் தெரியும், அது போதும். அந்த வீட்டுப் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் அந்த வாரம் நான் என்ன நிலைமையில் இருந்தேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ கேட்டதே இல்லை. அப்பா போன பிறகு வாடகை, அம்மாவின் மாத்திரை எல்லாம் நான் கன்டெய்னர் யார்டில் நைட் ஷிஃப்ட் பார்த்த காசு. நீ டிரயலுக்குப் போகிறேன் என்று கிளம்பும்போதெல்லாம் பஸ் காசு யார் பையிலிருந்து போனது? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வந்தபோது சேர்ந்துவிடு என்று நான் பிடிவாதம் பிடித்தது உண்மை. இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். உன் பிள்ளைகள் படிக்கிற ஸ்கூல் அந்தச் சம்பளத்தில்தான் நடக்கிறது.

அப்போது நீ சேத்ரியைத்தான் உதாரணம் காட்டினாய். அவர் மட்டும் எடுத்தவுடனே ஜெயித்தாரா என்றாய். அது சரிதான். 2009இல் இங்கிலாந்தில் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் அவரோடு ஒப்பந்தம் போட்டும், இந்தியா ஃபிஃபா ரேங்கிங்கில் முதல் 70க்குள் இல்லை என்று வொர்க் பெர்மிட் தரவில்லை. அடுத்த வருஷம் அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி கிளப், நிலைக்கவில்லை. 2012இல் லிஸ்பனுக்குப் போனார், ஸ்போர்ட்டிங் கிளப்பின் பி அணியில்தான் இடம், அங்கேயும் பெரும்பாலும் பெஞ்ச். ஆனால் தம்பி, 2013இல் அவர் திரும்பி வந்தபோது கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸ் கிளப் எடுத்துக்கொண்டது, அந்த சீசனே ஐ-லீக் என்ற தேசிய லீகில் சாம்பியன். அதே வருஷம் பெங்களூரில் புதிதாக ஒரு கிளப் பிறந்து அவரையே கேப்டன் ஆக்கியது. அப்பா ராணுவத்தில் வேலை பார்த்தவர், அம்மா நேபாளப் பெண்கள் அணியில் ஆடியவர். நம் அம்மா உன் சாக்ஸைத் துவைத்துக் காயப்போட்டவள், ஆஃப்சைடு என்றால் இன்றும் மைதானத்துக்கு வெளியே என்றுதான் நினைக்கிறாள். விழுந்தால் நீ எங்கே வந்து விழுவாய் என்று நான் பார்த்தேன். இந்த ஒண்டுக்குடித்தனத்தில்தான். அதைச் சொல்லத் தெரியாமல் வேறு எதையோ சொல்லித் தொலைத்தேன். இதை மன்னிப்பாக எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள், நான் தடுக்கவில்லை.

அந்த மார்ச்சுக்குப் பிறகு நீ என்னிடம் ஃபுட்பாலே பேசவில்லை. ஜூன் மாதம் மட்டும் ஒரு வீடியோ அனுப்பினாய், கீழே ஒரு வார்த்தை எழுதாமல். மும்பையில் இந்தியா சீனத் தைபேயை 5-0 என்று அடித்து, அதில் சேத்ரி மூன்று கோல் போட்டும், பார்க்க வந்தது சுமார் 2,500 பேர். அதனால்தான் அந்த வீடியோ. எங்களைத் திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் ஸ்டேடியத்துக்கு வந்து திட்டுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். அடுத்த ஆட்டம் கென்யாவோடு, அவருக்கு நூறாவது, ஸ்டேடியம் நிரம்பியது, அவரும் இரண்டு கோல் போட்டார். நீ அதை எதற்கு எனக்கு அனுப்பினாய் என்று புரியாமல் இல்லை. நேரு ஸ்டேடியத்தில் உன் லீக் மேட்சுக்கு ஒருமுறை வந்தேன், மத்தியான வெயிலில், காலி கேலரியில். அன்றைக்கு உன்னை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். நீ என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாய். அப்புறம் நான் எப்படி வருவேன்?

போன வருஷம் முழுக்க நமக்குள் நடந்ததெல்லாம் சேத்ரியை வைத்து நடந்த சண்டைதான், நம் இரண்டு பேருக்கும் அது தெரியும். ரிடையர் ஆனவர் மறுபடி ஏன் வர வேண்டும், அவ்வளவு நல்ல வழியனுப்பலைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்றேன் நான். கோச் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும் என்றாய் நீ. 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவோடு ஆடி, நாற்பது வயதில் தலையால் ஒரு கோல் போட்டார், அது 95வது. 2023 நவம்பருக்குப் பிறகு இந்தியா ஜெயித்த முதல் ஆட்டமே அதுதான். அன்றைக்கு நீ போன் பண்ணவில்லை, நானும் பண்ணவில்லை. அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பு போனதும் நான்தான் போன் போட்டு, "பார்த்தியா?" என்றேன். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் நீயும் "உனக்கு எவன் தோத்தாலும் சந்தோஷம்" என்று வைத்திருக்க வேண்டாம். எனக்கு அவர் தோற்றதில் என்னடா சந்தோஷம்? நாட்டுக்காக அதிக கோல் போட்டவர்களில் ரொனால்டோ, மெஸ்ஸி, ஈரானின் அலி தாயி, அதற்கடுத்து நம் ஆள் என்று யார்டில் எல்லாரிடமும் சொல்லித் திரிகிறவன் நான்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வா, வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன், நீயே அவளிடம் சொல்லு. அழுவாள், அழட்டும். முட்டியை டாக்டரிடம் காட்டினாயா, இல்லை சும்மா கோபத்தில் நிறுத்தினாயா என்பதையும் அன்றைக்கு எனக்குச் சொல்லு. வேறு யாரோ செவன்ஸ், அதாவது ஏழு பேர் ஆட்டம், ஆட உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றும் காதில் விழுந்தது. போவதானால் போ, இந்த முறை நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஒரு விஷயம், மறந்துவிடப் போகிறேன். பரணில் உன் பழைய ஷூ ஒரு ஜோடி இருக்கிறது, வலது காலில் ஸ்டட் ஒன்று தேய்ந்திருக்கும். கீழ் வீட்டுப் பையன், முல்லை நகர் கிரவுண்டில் ஆடுகிறவன், அதைக் கேட்கிறான். அவனும் ஃபார்வர்டுதான், சைஸும் சரியாக இருக்கிறது. கொடுத்துவிடவா, இல்லை உனக்கு வேண்டுமா?

அண்ணன்