வாய் திறக்காத உதவியாளர் யாருக்கு வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். செவிலியர்களின் வேலைச்சுமை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஒரு வரி மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. “நல்ல உதவியாளர் என்பவர் சொன்னதைச் செய்துவிட்டு, குறுக்கே பேசாமல் இருப்பவர்.” எழுதியவர் வார்டில் ஒரு ராத்திரியாவது கண்விழித்திருப்பாரா என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்கள் விசாரிக்காமலா அச்சில் ஏற்றியிருப்பீர்கள்?

நான் 19 வருடமாகச் செவிலிய உதவியாளர். குறுக்கே பேசாமல் இருந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவருக்குச் சாப்பாட்டுக்கு முந்தைய இன்சுலின் போட்டாகிவிட்டது. நான் தட்டை வைத்தேன். அரை மணி கழித்து எடுத்தேன். இரண்டு வாய்கூட உள்ளே போயிருக்கவில்லை. தட்டை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். அவ்வளவுதானே என் வேலை? ஒரு மணி நேரம் கழித்து சிஸ்டர் எதற்கோ அந்தப் பக்கம் போனபோது, பெரியவர் வேர்வையில் நனைந்து கிடந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் குழறியது. சர்க்கரை 48. 70க்குக் கீழே போனாலே ஓடவேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். குளுக்கோஸ் ஏற்றினார்கள், மீண்டுவிட்டார். சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. “தட்டு அப்படியே திரும்பி வந்ததை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

ஒரு ஷிஃப்டில் நோயாளியின் பக்கத்தில் அதிக நேரம் இருப்பது யார்? குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போவது எல்லாம் நாங்கள். நர்ஸ் மருந்தும் ஊசியும் எழுத்து வேலையுமாகப் பத்துப் பதினைந்து கட்டில்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பார். அவருக்கு நாங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, பார்த்ததை நேரத்தோடு போய்ச் சொல்வது. உங்கள் கட்டுரை கைவிளக்கேந்திய நைட்டிங்கேல் அம்மையாரோடு தொடங்கியதே, நவீன செவிலியப் பணிக்கு அடித்தளமிட்ட அவர் எழுதிய புத்தகத்தில் நோயாளியைக் கவனித்துப் பார்ப்பதற்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. கட்டுரையாளருக்கு விளக்கு மட்டும் போதுமாக இருந்திருக்கிறது.

எப்படிச் சொல்கிறோம் என்பதும் முக்கியம், மறுக்கவில்லை. “அந்த நாலாம் கட்டில் ஒரு மாதிரியா இருக்கார் சிஸ்டர்” என்றால் அவர் என்ன செய்வார்? “காலையில் நன்றாகப் பேசினவர், 3 மணியிலிருந்து தட்டினால்தான் கண் திறக்கிறார், மூச்சு நிமிடத்துக்கு 28” என்றால் அவர் எழுந்து ஓடுவார். மூச்சு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சார்ட்டில் வார்டு முழுக்க எல்லாருக்கும் மூச்சு 20 என்று எழுதியிருப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! எங்கள் உதவியாளர்களும் இதில் கூட்டு. நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சே மாறிவிடும். சிறுநீர்க் குழாயில் மாட்டிய பையும் அப்படித்தான். அளக்காமல் கொட்டிவிட்டு அப்புறம் உட்கார்ந்து யோசித்தால் அளவு வராது.

படுக்கைப் புண்ணையும் முதலில் பார்ப்பது எங்கள் கண்தான். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டு என்பார்கள், சரி. புரட்டும்போது குதிகாலையும் இடுப்பு எலும்பையும் யார் பார்ப்பது? வெள்ளைத் தோலில் சிவப்புத் தெரியும், விரலால் அழுத்தினால் வெளுக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம். நம்மைப்போன்ற கறுத்த தோலில் அது தெரியாது. தொட்டுப் பார்த்து, சூடா, கெட்டியா, வலிக்கிறதா என்று கேட்கவேண்டும். இதை நான் சொன்ன ஒரு நாள், “உனக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?” என்று ஒருவர் சிரித்தார். இரண்டாம் நாள் அந்த இடத்தில் தோல் உரிந்தது. சிரித்தவர் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

சொன்னதைச் சொன்னபடி செய்யக்கூடாத நேரமும் உண்டு. “நான் கொஞ்சம் பிஸி, அந்த மாத்திரையை நீயே கொடுத்துடும்மா” என்பார்கள். ட்ரிப் மெதுவாகப் போனால் வேகத்தைக் கூட்டச் சொல்வார்கள். ஆக்சிஜன் திருகைத் தொடச் சொல்வார்கள். மாட்டேன் என்றால் திமிர் பிடித்தவள். அந்த ‘மாட்டேன்’ அந்த சிஸ்டரின் உரிமத்தையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறது என்பது, உங்களுக்குப் புரிகிற மாதிரி, அவர்களுக்கும் ஒரு நாள் புரியும்.

நர்ஸ்களும் கொஞ்சம் உதவலாம். “பி.பி. பார்த்துட்டு வா” என்று அனுப்புவதற்குப் பதிலாக “மேல் அளவு 90க்குக் கீழே இருந்தால் அப்போதே வந்து சொல்” என்று சொல்ல மூன்று விநாடி ஆகும். ஷிஃப்ட் மாறும்போது அவர்கள் கூடிப் பேசுவார்கள். எங்களுக்கு அங்கே இடமில்லை, அந்த நேரத்தில் பெட்பான் கழுவிக்கொண்டிருப்போம். யார் எழுந்தால் தலைசுற்றி விழுவார், யாருக்குத் தண்ணீர்கூட வாயில் கொடுக்கக்கூடாது என்பது நோயாளியின் மகள் சொல்லித்தான் எனக்குப் பலமுறை தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் கிடக்கிறது மனதில். மூன்று வருடத்துக்கு முன் உங்கள் அட்டைப்படத்தில் ஒரு செவிலியர் புன்னகையோடு நோயாளியை எழுப்பி உட்காரவைத்தார். கட்டிலின் அந்தப் பக்கம், நோயாளியின் முதுகைத் தாங்கி ஒரு கை மட்டும் தெரிந்தது. கையின் சொந்தக்காரரை வெட்டிவிட்டீர்கள். பக்கத்தில் இடம் போதவில்லையோ என்னவோ.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. சம்பளம், ஆள் பற்றாக்குறை எல்லாம் உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்த ஒரு வரியை மட்டும் அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். ‘குறுக்கே பேசாமல் இருப்பவர்’ என்பதை எடுத்துவிட்டு ‘பார்த்ததை உடனே சொல்பவர்’ என்று வைத்தால் போதும். எழுத்துக் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான், பக்கம் கலையாது.

மரியாதையுடன்,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு செவிலிய உதவியாளர்