பாப்பாவுக்கு, அந்தப் பச்சைப் பொடி பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி அந்தப் பச்சைப் பொடி டப்பாவின் பின்பக்கத்தைப் பொறுமையாகப் படித்தேன். கோதுமைப்புல், பார்லிப்புல், குதிரைமசால், ஸ்பைருலினா, குளோரெல்லா, முருங்கை இலை என்று வரிசையாகப் போட்டுவிட்டு, கடைசியில் கண்ணாடி போட்டும் சிரமப்பட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில் தேனீ மகரந்தம் என்று இருக்கிறது. எது எவ்வளவு கிராம் என்று எங்கேயும் இல்லை. உனக்குப் புல் மகரந்த அலர்ஜி இருக்கிறது, மற்றதை அப்புறம் பேசலாம், டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் அதைக் குடிக்காதே.

புல் என்றாலே உனக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. இத்தனை வருஷம் தாவரவியல் நடத்தியவன், அப்படிச் சொல்ல மாட்டேன். நெல், கேழ்வரகு, சாமை, கரும்பு எல்லாமே புல் குடும்பம்தான், அதிலும் கேழ்வரகு நம் வரப்பில் கிடக்கிற அருகம்புல்லுக்கு நெருங்கிய சொந்தம். நீ களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுத்தானே வளர்ந்தாய், ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை. உன் உடம்பு சண்டை போடுவது புல்லின் மகரந்தத்தில் இருக்கிற சில புரதங்களோடு. மழை விட்டு அருகம்புல் பூக்கிற நாட்களில், விரலை விரித்த மாதிரி நாலைந்து கதிர் நீட்டிக்கொண்டு ஊதா நிறத்தில் மகரந்தப் பைகள் தொங்குமே, அப்போதுதான் உனக்குக் கண் சிவந்து தும்மல் அடுக்கும். கையில் ஊசியால் கீறிப் பார்த்த பரிசோதனையிலும் அந்தப் புல்லுக்குத்தான் பெரிதாகத் தடித்தது.

கோதுமைப்புல்லை முளைத்துப் பத்துப் பன்னிரண்டு நாளில், பூப்பதற்கு வெகு முன்பே அறுத்துவிடுவார்கள். அதனால் அதன் சொந்த மகரந்தம் அதில் இருக்காது, புல் அலர்ஜி உள்ள பலர் குடித்துவிட்டுச் சும்மாதான் இருக்கிறார்கள். ஆனால் திறந்த வயலில் வளர்கிற இலையின் மேல் பக்கத்து வரப்புப் புல்லின் மகரந்தமும் பூஞ்சையும் வந்து படியும். இலையின் புரதமே ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்தவர்களும் உண்டு, குறைவுதான், ஆனாலும் உண்டு. நீ எந்தப் பக்கம் என்று குடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

பாலக்கோட்டுத் தக்காளியைத் தோட்டத்திலிருந்து பறித்து அப்படியே கடித்தால் சின்ன வயதில் உனக்கு உதடும் அண்ணமும் அரிக்கும், அதே தக்காளியை ரசத்தில் போட்டால் ஒன்றும் செய்யாது, ஞாபகம் இருக்கிறதா? புல் மகரந்தத்தில் இருக்கிற ஒரு புரதத்தின் சாயலில் தக்காளி, முலாம்பழம், ஆரஞ்சு இவற்றிலும் ஒன்று இருக்கிறது, சூடு பட்டால் அது உருக்குலைந்துவிடும். இந்தப் பச்சைச் சாறுகளோ அடுப்பைப் பார்க்காதவை. 'சூடுபடுத்தாதது' என்று பெருமையாக வேறு போட்டிருக்கிறார்கள்.

தேனீ மகரந்தம்தான் எனக்கு உண்மையான பயம். தேனீக்கள் பூப்பூவாகப் போய்க் காலில் உருட்டிக்கொண்டு வருகிற மகரந்தத்தைச் சேர்த்து விற்கிறார்கள், அதில் எந்தெந்தச் செடியுடையது கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. மகரந்த அலர்ஜி உள்ளவர்கள் முதல் தடவை கொஞ்சம் சாப்பிட்டதற்கே தொண்டை வீங்கி மூச்சுத் திணறியதை டாக்டர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்கிறதே என்று நீ சொல்வாய். அது உரிம எண், உனக்கு ஒத்துக்கொள்ளும் என்பதற்கான சான்று இல்லை. அலர்ஜிப் பொருள் என்று லேபிளில் கட்டாயம் சொல்ல வேண்டிய பட்டியலில் பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா, கோதுமை மாதிரி குளூட்டன் உள்ள தானியம் எல்லாம் உண்டு, மகரந்தம் கிடையாது. அதனால் எச்சரிக்கை இல்லை என்பதை வைத்து நிம்மதியாக இருந்துவிடாதே.

தினமும் கொஞ்சம் குடித்தால் புல் அலர்ஜி பழகிப்போய்விடும் என்று உன் ஜிம் தோழி சொன்னாளாம். அவள் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பாள். அப்படி ஒரு வைத்தியம் இருப்பதும் நிஜம், அதற்கு அளந்து தயாரித்த மகரந்தச் சாற்றை ஊசியாகவோ நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையாகவோ கொடுப்பார்கள். முதல் மாத்திரையை டாக்டர் முன்னால் போட்டுவிட்டு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள், அப்புறம் மூன்று வருஷம் போல விடாமல் எடுக்க வேண்டும். அளவு தெரியாத பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு டிரெட்மில்லில் ஓடுவது அந்த வைத்தியம் ஆகாது. குடித்த கையோடு உடற்பயிற்சி செய்தால் அலர்ஜி சிலருக்கு இன்னும் வேகமாகக் கிளம்பும், உனக்கு வீசிங் வேறு இருக்கிறது.

ஏற்கெனவே குடித்திருந்தால் மறைக்காமல் சொல். வாயில் அரிப்பு மட்டும் என்றால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொன்னால் போதும். உடம்பில் தடிப்போடு வாந்தி, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, தலை சுற்றுவது சேர்ந்து வந்தால் செட்டிரிசின் என்கிற அலர்ஜி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதே. அது அரிப்பைக் குறைக்கும், மூச்சைக் காப்பாற்றாது. அந்த நேரத்துக்குத் தொடையில் போடுகிற அட்ரினலின் ஊசிதான் மருந்து, உடனே 108-ஐக் கூப்பிடு, ரூமில் இருக்கிற பெண்களிடமும் இதைச் சொல்லி வை.

பெரியப்பாவுக்கும் ஒரு டப்பா வாங்கி அனுப்புவதாகச் சொன்னாயாம், அம்மா சொன்னாள். அனுப்பாதே கண்ணு. வால்வு ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். இந்த இலைப் பொடிகளில் வைட்டமின் கே நிறைய உண்டு, அது அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். இங்கே அவர் நடைப்பயிற்சிக்குப் போகிற இடத்தில் காலையில் அருகம்புல் சாறு விற்கிறார்கள், அதையும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம் என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நீயும் ஊருக்கு வரும்போது அதைக் குடிக்காதே, எந்த வரப்பில் அறுத்தது, பூத்த பிறகு அறுத்ததா என்று யாருக்குத் தெரியும்.

அடுத்த வாரம் அலர்ஜி டாக்டரிடம் நேரம் வாங்கு, டப்பாவைக் கையோடு எடுத்துப் போ. மறுபடி ஊசிப் பரிசோதனை செய்வதானால் அதற்குச் சில நாள் முன்பே செட்டிரிசினை நிறுத்தச் சொல்வார்கள், போனிலேயே கேட்டுக்கொள். இன்ஹேலரின் காலாவதித் தேதியை இன்றைக்கே பார்த்து எனக்கு எழுது. வெள்ளிக்கிழமை ஓசூர் வழியாக நம் பக்கத்து வீட்டுப் பையன் வருகிறான், அம்மா முருங்கைக்கீரையை உருவி நிழலில் காயவைத்திருக்கிறாள், ராகி மாவும் கொடுத்தனுப்புகிறோம்.

அப்பா