சாம்ஸ் கிரீக் விவசாயி: நண்பருக்கு ஒரு கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான நண்பருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அண்ணியாரின் முழங்கால் வலி குறைந்து, மறுபடியும் ஆலயத்துக்கு நடந்தே போய்வருகிறார் என்று அறிந்து நாங்கள் இருவரும் மகிழ்ந்தோம். இங்கு அனைவரும் நலம். சபையின் ஆண்டு விழாவில் மெதடிஸ்து முன்னோடி ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும், இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியையும் அமெரிக்காவில் அதை வளர்த்த ஆஸ்பரியையும் விட்டால் யாரைச் சொல்லலாம் என்று கேட்டிருந்தீர்கள். ராபர்ட் ஸ்ட்ராபிரிட்ஜைச் சொல்லுங்கள்.

அயர்லாந்தின் லீட்ரிம் பகுதியில் டிரம்ஸ்னாவுக்கு அருகே பிறந்த இவர், 1760ஐ ஒட்டிய ஆண்டுகளில் மனைவி எலிசபெத்துடன் கடல் கடந்து, அமெரிக்காவின் மேரிலாந்தில் சாம்ஸ் கிரீக் என்னும் ஓடைக்கரையில் நிலம் பிடித்துப் பயிர் செய்யத் தொடங்கினார். வெஸ்லி தம் பிரசங்கிகளை முதன்முதலாக அமெரிக்காவுக்கு அனுப்பியது 1769இல்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, எவரும் அனுப்பாமல், குருப்பட்டமும் இல்லாமல், இந்த விவசாயி தம் வீட்டிலேயே அக்கம்பக்கத்தாரைக் கூட்டி ஜெபக்கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். பிறகு வீட்டிலிருந்து ஒரு மைல் தள்ளி மரக்கட்டைகளை அடுக்கி ஒரு கூடம் எழுப்பினார்கள். 20 அடியைச் சற்றே தாண்டும் சதுரம். ஒரு பக்கம் கட்டைகளை அறுத்து வாசல் விட்டார்கள், மற்றப் பக்கங்களில் சன்னலுக்காகத் திறப்பு வைத்தார்கள். கதவும் பலகைத் தளமும் அதற்குக் கடைசிவரை அமையவில்லை என்கிறார்கள்.

அவர் குதிரையேறி ஊர் ஊராகப் பிரசங்கிக்கப் போய்விட்டால் உழவும் அறுவடையும் என்னாவது? அக்கம்பக்கத்தார் வந்து அவருடைய நிலத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஏர் பிடிக்க வந்த ஜான் எவன்ஸ் என்பவரை மனந்திரும்பச் செய்தவர் ராபர்ட் அல்லர், எலிசபெத். கணவர் ஊரில் இல்லாத நாளில் அந்த அம்மையார் எவன்ஸிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசிய பேச்சே அவரை மாற்றியது. பின்னர் எவன்ஸின் வீட்டிலேயே பல்லாண்டுகள் வகுப்புக் கூட்டம், அதாவது விசுவாசிகள் சிறு குழுவாகக் கூடும் மெதடிஸ்து கூட்டம், நடந்தது. வரலாறு எழுதியவர்கள் இதை ஓரிரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமே. மண்வெட்டி பிடித்த அந்தக் கைகளும் எலிசபெத்தின் பேச்சும் இல்லாமல் ராபர்ட்டின் ஊழியம் ஓராண்டுகூட நடந்திருக்காது.

அவரைச் சர்ச்சைக்கு உள்ளாக்கியது ஞானஸ்நானமும் திருவிருந்தும்தான். அந்நாளில் மெதடிஸ்துகள் தனித் திருச்சபையாகப் பிரியாமல் இங்கிலாந்துத் திருச்சபைக்குள் ஒரு சங்கமாகவே இருந்ததால், குருப்பட்டம் பெறாத பிரசங்கி இவற்றை நடத்தலாகாது, மக்கள் பங்குக் குருவிடமே போக வேண்டும் என்பது வெஸ்லியின் ஒழுங்கு. ஆனால் காட்டை வெட்டிக் குடியேறிய அந்த மக்களுக்குப் பங்குக் கோவில் எட்டாத் தொலைவில் இருந்தது. பிள்ளையைக் கையில் ஏந்தி வந்து நின்றவர்களை ஸ்ட்ராபிரிட்ஜ் திருப்பி அனுப்பவில்லை. 1773இல் பிலடெல்பியாவில் கூடிய முதல் மாநாடு இதைத் தடுத்துத் தீர்மானித்தபோதும், மேற்பார்வையாளரின் சொற்படி நடந்தால் ஸ்ட்ராபிரிட்ஜுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று ஆஸ்பரி குறித்துவைத்திருக்கிறார். அந்த நிபந்தனைக்கும் அவர் கட்டுப்படவில்லை. அதே மாநாட்டின் கணக்கில் அமெரிக்க மெதடிஸ்துகள் மொத்தம் 1,160 பேர். அதில் 500 பேர் மேரிலாந்துக்காரர்கள். அவர் ஏன் அசையவில்லை என்பதற்கு இந்த எண்ணே எனக்குப் போதுமான விடையாகத் தெரிகிறது.

1781இல் அவர் இறந்தபோது ஆஸ்பரி தம் நாட்குறிப்பில், அவர் ஊழியத்துக்குக் கேடு செய்யும் நிலையில் இருந்ததால் ஆண்டவர் நியாயத்தீர்ப்பாக எடுத்துக்கொண்டார் என்று கருதுவதாக எழுதினார். மரணப்படுக்கையில் அவர் பேசியதைக் கொண்டு, இரக்கமும் பெற்றார் என்று சேர்த்துக்கொண்டார். ஆஸ்பரியின் மீது எனக்குள்ள மதிப்பு தாங்கள் அறிந்ததே. ஆயினும் இந்தத் தீர்ப்பு அநியாயமானது. மூன்றே ஆண்டுகளில், 1784இல், மக்கள் திருவிருந்து இன்றித் தவிப்பதைக் கண்டு வெஸ்லியே தம் துணையாளர் தாமஸ் கோக்கை அனுப்பிப் பிரசங்கிகளுக்குக் குருப்பட்டம் கொடுக்கச் செய்தார். ஸ்ட்ராபிரிட்ஜ் பார்த்த தேவை அதுவேயல்லவா? இன்று ஸ்ட்ராபிரிட்ஜ், ஆஸ்பரி இருவரும் பால்டிமோரின் மவுண்ட் ஆலிவெட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார்கள்.

அந்தக் கோக்தான் பின்னாளில் இலங்கைக்கு ஊழியர் குழுவோடு கப்பலேறி, 1814இல் வழியிலேயே காலமானவர். அக்குழுவில் யாழ்ப்பாணம் வந்து, 1817இல் சென்னைக்கு வந்த ஜேம்ஸ் லிஞ்சும் அயர்லாந்துக்காரரே. உங்கள் சபையாருக்கு இந்தத் தொடர்பு பிடிக்கும்.

அமெரிக்காவில் முதல் சபை மேரிலாந்திலா, நியூயார்க்கில் பிலிப் எம்பரி தொடங்கியதா என்ற வழக்கு நெடுநாளாக நடக்கிறது. எம்பரியும் அயர்லாந்திலிருந்து வந்தவரே. அதில் நேரத்தைச் செலவிடாமல் எலிசபெத்தையும் எவன்ஸையும் பற்றி விரிவாகப் பேசுங்கள். பேச்சை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அண்ணியாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு நண்பன்