நகரு, நான் காட்டுகிறேன்

அன்புள்ள கண்ணம்மா,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் மாணவியைப் பற்றி நீ சொன்னது நாலு நாளாக மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "அவள் ஆறு வாரமாகத் தடுமாறுகிறாள் அம்மா. நரம்பு செல் ரெக்கார்டிங்கில் அடிக்கோடு, அந்த பேஸ்லைன், நகர்ந்துகொண்டே போகிறது என்கிறாள். நானே பதிவுக் கருவி முன்னால், ரிக்கில், உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் முடித்துவிடுவேன்" என்றாய். முடித்துவிடுவாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்றுவிட்டு அடுத்த மீட்டிங்குக்கு ஓடிவிடுவாய்.

உனக்குத் தனி ஆய்வகம் கிடைத்ததே உன் கைக்காகத்தான். பிஎச்டி, போஸ்ட்டாக் என்று பத்து வருஷம் மைக்ரோஸ்கோப் முன்னால் குனிந்து, கண்ணாடிப் பிபெட்டின் நுனியை ஒரு நரம்பு செல்லின், நியூரானின், மேல் கொண்டுபோய் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல உறிஞ்சி, கண்ணாடியும் செல்லும் இறுக ஒட்டிச் சீல் விழுகிறதா என்று திரையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கை. அந்த வேலையை நன்றாகச் செய்ததற்குப் பரிசாக, அதைச் செய்ய நேரமே இல்லாத ஒரு நாற்காலியைக் கொடுத்திருக்கிறார்கள். யோசித்தால் சிரிப்பு வருகிறது. ஆள் எடுப்பது, பணம் கேட்டு எழுதுவது, ஒரே ரிக்குக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு பேரைச் சமாதானப்படுத்துவது, இதையெல்லாம் எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. நான் கற்றுக்கொண்ட விதத்தை உன்னிடம் முழுசாகச் சொன்னதும் இல்லை, வெட்கமாக இருந்தது. இப்போது சொல்கிறேன்.

நான் ஆய்வகம் தொடங்கிய இரண்டாம் வருஷம். புதிதாக வந்த மாணவன் ஒருவன், நல்ல பையன், நிதானமானவன். ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் மெல்லிய ஸ்லைஸில், இரண்டு நியூரான்கள் சந்திக்கும் சினாப்ஸின் மின்னோட்டத்தை ஒரு மருந்து குறைக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. மூன்று வாரமாக ஒரு செல்கூட நிலைக்கவில்லை. ஒரு மாலை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுக்கவில்லை. "நகரு, நான் காட்டுகிறேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். அரை மணிக்குள் மூன்று செல். என்னைச் சுற்றி நாலு பேர் நின்று பார்த்தார்கள். அவன் சிரித்தான், நன்றி சொன்னான். எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை.

அப்புறம் அவனும் தேறிவிட்டான், அல்லது நான் அப்படி நினைத்தேன். மாதம் போகப் போக டேட்டா வந்தது. மருந்து கொடுத்த ஸ்லைஸ்களில் மின்னோட்டம் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. நான் கருத்தரங்குகளில் போஸ்டர் போட்டேன். பேப்பரை எழுதியும் முடித்துவிட்டேன். அனுப்புவதற்கு முன்னால் ஏதோ ஒரு உறுத்தல். மருந்தில்லாத கன்ட்ரோல் பரிசோதனைகள் ஒரு நாள், மருந்துப் பரிசோதனைகள் வேறு நாள் என்று நடந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். ஒரே சுண்டெலியின் ஸ்லைஸ்களை ஒரே நாளில் இரண்டாகப் பிரித்து, எதில் மருந்து எதில் வெறும் கரைசல் என்று அவனுக்குத் தெரியாமல் வேறொருவர் குறியீடு போட்டுக் கொடுக்கட்டும், பத்து சுண்டெலிகள் போதும் என்றேன். குறியீட்டைப் பிரித்துப் பார்த்தால் வித்தியாசமே இல்லை.

காரணத்தைத் தேட இரண்டு வாரம் ஆனது. கரைசலில்தான் இருந்தது கோளாறு. ஆய்வகத்துக்குள் காலடி வைத்த அன்றே நமக்கெல்லாம் சொல்லித் தருவது: கார்போஜன் விட்டு, அதாவது 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கரியமில வாயுவும் கலந்த வாயுவைக் குமிழியிட விட்டு, பிஎச் இறங்கிய பிறகுதான் கால்சியம் சேர்க்க வேண்டும். முந்திச் சேர்த்தால் பைகார்பனேட்டோடு கூடிக் கரைசல் பால் மாதிரி கலங்கும். கன்ட்ரோல் நாட்களில் அவன் மற்றவர்கள் கலக்கி வைத்த பொதுக் கரைசலை எடுத்திருக்கிறான். மருந்து நாட்களில் அதிகம் தேவைப்பட்டதால் தானே கலக்கியிருக்கிறான், கால்சியத்தை முந்திப் போட்டு. கலங்கியதும் வடிகட்டியும் விட்டான். பளிச்சென்று தெளிவாகிவிட்டது. வண்டலோடு கால்சியமும் போய்விட்டது. கால்சியம் பாதியானால் சினாப்ஸ் வெளிவிடும் வேதிப்பொருள் பாதியாகக் குறைந்து நிற்பதில்லை என்பது உனக்குத் தெரியும். தவளையின் நரம்பு-தசை இணைப்பில் டாட்ஜும் ரஹமிமோஃபும் 1967-ல் காட்டியபடி அந்த உறவு ஏறக்குறைய நான்காம் அடுக்கில் போகிறது, கால்சியம் பாதியானால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். கொஞ்சம் கால்சியம் காணாமல் போனாலே எங்கள் 'மருந்தின் விளைவு' முழுவதும் வந்துவிடும்.

அவனைக் கோபிக்கவில்லை. கலங்கியதைப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டேன். "முதல் மாதமே பார்த்தேன் மேடம். உங்களிடம் கேட்கலாம் என்று வாசல்வரை வந்தேன். கேட்டால் நீங்கள் வந்து 'நகரு' என்று சொல்லிவிடுவீர்கள் என்று தோன்றியது, திரும்பிவிட்டேன்" என்றான்.

எட்டு மாதம் கண்ணு. எட்டு மாதமும், எத்தனையோ சுண்டெலிகளின் உயிரும். சுண்டெலிகளைப் பற்றி நினைத்தால் இன்னமும் மனசு கசக்கிறது. அந்த அரை மணி நேரத்தில் நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது செல்லைப் பிபெட்டால் பிடிப்பதை இல்லை. கெட்ட செய்தியை என்னிடம் கொண்டுவரக் கூடாது என்பதை.

பரிசோதனை பெஞ்சில் தனியாக வேலை செய்யும்போது கெட்ட செய்தி நேராக நம் கண்ணுக்கு வரும். செல் செத்தால் நாமே பார்க்கிறோம். ஆய்வகத் தலைவர் ஆனபின் எல்லாச் செய்தியும் இன்னொருவர் வாய் வழியாக வருகிறது. அந்த வாய் திறக்குமா என்பது நம் முகத்தைப் பொறுத்தது. என் போஸ்ட்டாக் ஒருத்தி, கொஞ்சம் துணிச்சல்காரி, ஒரு நாள் சொன்னாள்: "நல்ல டேட்டா என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறீர்கள். மோசமான டேட்டா என்றால் நின்றபடியே கேட்கிறீர்கள்." எனக்குத் தெரியவே தெரியாது அது. அன்றிலிருந்து மோசமான டேட்டாவுக்கும் உட்கார ஆரம்பித்தேன். முதலில் வேஷம் மாதிரித்தான் இருந்தது. அப்புறம் அதுவே பழகிவிட்டது. லேப் மீட்டிங்கையும் அந்த வாரம் சொதப்பியதிலிருந்து தொடங்குவோம், முதலில் நான். வளர்க்க வளர்க்கச் சத்தமில்லாமல் செத்த செல்கள், நிராகரிக்கப்பட்ட கிரான்ட், ரிவ்யூவர் சரியாகப் பிடித்த என் கணக்குத் தவறு, எல்லாம்.

இதைச் செய்யாமல் பெரிய ஆள் ஆனவர்களும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். இத்தாலிய விஞ்ஞானி கோல்ஜியைப் பார். 1873-ல் வெள்ளி நைட்ரேட்டை வைத்து அவர் கண்டுபிடித்த, நியூரானை முழுசாகக் காட்டும் சாயம் இல்லாவிட்டால் நம் துறையே இன்னும் கொஞ்சம் தாமதமாகப் பிறந்திருக்கும். அந்தச் சாயத்தில் ஊறிய திசுவை ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி கஹால் 1887-ல்தான் பார்க்கிறார். பார்த்துவிட்டு அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு முறை ஊறவைத்தார், நரம்பிழைகளின் மேல் மயலின் உறை இன்னும் மூடாத கரு மூளைகளையும் குட்டிகளின் மூளைகளையும் எடுத்தார். நியூரான்கள் தனித்தனி என்று தெரிந்துவிட்டது. கோல்ஜி கடைசிவரை எல்லாம் ஒரே வலை என்றே நின்றார். 1906-ல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டபோது தன் உரையையே நியூரான் கொள்கைக்கு எதிராகத்தான் பேசினார். தன் சாயம் சொன்னதையே அவர் கேட்கவில்லை. கஹாலை நான் விரும்புவது அவர் வென்றதற்காக இல்லை, குட்டி விலங்குகளின் மூளையை எடுக்கத் தோன்றியதற்காக. அது பெஞ்சில் உட்காருகிறவருக்குத்தான் தோன்றும்.

அதனால் பெஞ்சை விட்டுவிடு என்று நான் சொல்வதாக நினைக்காதே. வாரத்தில் அரை நாள் உனக்கென்று வைத்துக்கொள், யார் மீட்டிங் கேட்டாலும் கொடுக்காதே. அதில் உன் மாணவியின் பரிசோதனையைச் செய்யாதே, அவ்வளவுதான். உனக்கென்று சின்னதாக ஒன்று, தோற்றாலும் யாருடைய பட்டமும் தாமதமாகாத ஒன்று. நெஹெரும் சாக்மனும் 1976-ல் செல் சுவரில் அயனிகள் போகும் ஒற்றைத் துளையின், அயனிச் சேனலின், மின்னோட்டத்தைப் பதிவு செய்தபோது அவர்கள் சீலின் மின்தடை மெகாஓம் கணக்கில்தான் இருந்தது, இரைச்சல் அதிகம். ஒவ்வொரு முறையும் புதிதாக இழுத்த பிபெட்டை எடுத்து, லேசாக உறிஞ்சினால் தடை கிகாஓமுக்கு, அதாவது ஆயிரம் மெகாஓமுக்கு மேல், எகிறுகிறது என்று தெரிந்தது 1980-ல். இத்தனைக்கும் அதில் புதுக் கோட்பாடு ஒன்றும் இல்லை, சுத்தமான கண்ணாடியும் ஒரு மூச்சும். கை அங்கே இருந்ததால் கண்ணில் பட்டது. 1991-ல் நோபல் வந்தது. நான் உறிஞ்சும் ஒவ்வொரு முறையும் அவர்கள் இரண்டு பேரின் மூச்சு அதில் கொஞ்சம் இருக்கிறது என்று உன்னிடம் சின்ன வயதில் சொல்வேன், நீ முகம் சுளிப்பாய்.

சரி, சில நடைமுறை விஷயம். மருந்தும் கன்ட்ரோலும் ஒரே விலங்கில், ஒரே நாளில், குறியீட்டுக்குப் பின்னால் நடக்கட்டும். நான் அடிபட்டுக் கற்றதை நீ இலவசமாக எடுத்துக்கொள். நாலு சுண்டெலியில் நாற்பது செல் பதிவு செய்துவிட்டு எண்ணிக்கை நாற்பது என்று யாராவது எழுதினால் உடனே தடுத்து நிறுத்து. ஒரு விலங்கின் செல்கள் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள். 2013-ல் நரம்பியல் ஆய்வுகளின் புள்ளியியல் திறனைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரையில் இடைநிலை மதிப்பு ஏறக்குறைய 21 சதவீதம் என்று வந்தது. நிஜமாகவே இருக்கும் விளைவைக்கூட ஐந்தில் நாலு முறை தவறவிடும் அளவு சின்ன ஆய்வுகள். யார் பரிசோதனை செய்தார் என்பதையும் தேதியோடு எழுதச் சொல். ஆண் ஆய்வாளர் அறையில் இருந்தால், அவர் போட்டிருந்த டி-ஷர்ட்டை வைத்தால்கூட, எலிகளும் சுண்டெலிகளும் வலியைக் குறைவாகக் காட்டுகின்றன என்று 2014-ல் ஒரு குழு காட்டியது. நடத்தைப் பரிசோதனை செய்கிறவர்கள் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டுப் பழைய நோட்டுகளைப் புரட்டியிருப்பார்கள். நோட்டில் பெயர் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

நோட்டு என்றதும் விஞ்ஞானி ஓட்டோ லூவி ஞாபகம். வேகஸ் நரம்பு இதயத்தை ஒரு வேதிப்பொருள் மூலம்தான் மெதுவாக்குகிறது என்பதை நிரூபிக்கும் பரிசோதனை அவருக்குத் தூக்கத்தில் தோன்றியது. எழுந்து ஒரு துண்டுத்தாளில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் தன் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை. அதிர்ஷ்டம், அடுத்த ராத்திரி மூன்று மணிக்கு அதே யோசனை திரும்பி வந்தது. இந்த முறை எழுதவில்லை, நேராக ஆய்வகத்துக்குப் போய்த் தவளை இதயங்களை எடுத்துவிட்டார். அவரே சொன்ன கதை இது. உன் மாணவர்களுக்கு இரண்டாம் ராத்திரி வராது. அதனால் நோட்டை வாரம் ஒருமுறை நீயே படி, கையெழுத்துப் போட அல்ல, படிக்க. "இன்று கலங்கலாக இருந்தது" என்ற ஒரு வரி எழுத அவர்களுக்கு இடம் இருக்கிறதா என்று பார்.

பணம், நிர்வாகம் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. அதில் நான் கெட்டிக்காரி இல்லை என்பது உன் அப்பாவுக்கே தெரியும். மைனஸ் 80 ஃப்ரீசரில் எது எந்த அடுக்கில் என்று ஒரு பட்டியல் வை, அலாரம் இரண்டு பேர் போனுக்குப் போகட்டும். முதல் ஆளை அவசரப்பட்டு எடுக்காதே. எடுத்தாகிவிட்டது, தெரியும்.

கடைசியாக உன் மாணவியின் பேஸ்லைன். நீ சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது கரைசலில் முக்கி வைக்கும் தரைக்கம்பிதான். வெள்ளிக்கம்பியின் மேல் குளோரைடு பூச்சு தேய்ந்துபோனால் மின்னழுத்தம் இப்படித்தான் மெல்ல மெல்ல நழுவும். கம்பியை எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், அடர்ந்த சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய இடம் பளபளவென்று இருக்கும். ப்ளீச்சில் அரை மணி போட்டுக் கழுவினால் தீர்ந்தது. என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம்.

இதை அவளிடம் சொல்லிவிடாதே. வியாழக்கிழமை அவள் ரிக் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார். கையை மடியில் வைத்துக்கொள். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் ஆனாலும் பேசாமல் இரு. அவள் எம்ப்ளிஃபயரைச் சொல்வாள், மேசை அதிர்வைச் சொல்வாள், உனக்கு நாக்கு துடிக்கும். என்ன ஆனது என்று எனக்கு எழுது. போனில் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா