மாலை நேரம் குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. தேர்வுகள் ஒழுங்காக நடந்தன. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் மாணவர்கள் உற்சாகமாகப் பங்கேற்றார்கள். நூலகத்தில் புத்தகம் எடுப்போரும் பெருகியிருக்கிறார்கள். அனைவருக்கும் பாராட்டுகள். மதிப்பெண் அட்டைகளை வகுப்பாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

இனி, உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டிய ஒரு விஷயம். உயர் வகுப்பு மாணவர்கள் சிலர், பள்ளி விட்டு வெகு நேரம் கழித்தே வீடு போய்ச் சேர்கிறார்கள். கேட்டால் சிறப்பு வகுப்பு என்கிறார்கள், அல்லது நண்பன் வீட்டில் படித்ததாகச் சொல்கிறார்கள். அந்த நண்பனோ, இவன் வீட்டில் படிப்பதாகத் தன் வீட்டில் சொல்லியிருக்கிறான். பிள்ளை வீட்டில் இருப்பதாகப் பள்ளியும், பள்ளியில் இருப்பதாக வீடும் நம்பிக்கொண்டிருக்க, இடைப்பட்ட நேரத்தில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரிவதில்லை.

வளரும் வயதில் நண்பர்களோடு இருக்க விரும்புவது இயல்பு, அது வேண்டியதும்கூட. உங்களில் பலருக்கு வேலை முடிந்து வீடு திரும்பவே இரவாகிவிடுகிறது என்பதையும் அறிவேன். தனி ஆளாகப் பிள்ளை வளர்ப்பவர்களிடமும், நோயுற்ற பெரியவர்களைக் கவனித்துக்கொள்பவர்களிடமும் போய் “இன்னும் கவனமாக இருங்கள்” என்று சொல்லிவிட்டு ஒதுங்குவது நியாயமாகாது. ஒரு வீடு மட்டும் சுமக்கக்கூடிய பொறுப்பல்ல இது.

ஐஸ்லாந்து நாட்டின் அனுபவத்தை இங்கே சொல்ல விரும்புகிறேன். 1998-இல் அங்கே 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர், கணக்கெடுப்புக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையேறும் அளவுக்குக் குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதமாகக் குறைந்திருந்தது. சட்டங்கள் கடுமையாயின, விளையாட்டுக்கும் கலைகளுக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. ஆனால் பெற்றோர் செய்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. ஒரே பள்ளியில் பிள்ளைகள் படிக்கும் குடும்பங்கள் கூடிப் பேசி, பிள்ளைகள் எத்தனை மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது போன்றவற்றில் உடன்பாடு செய்துகொண்டன. பெற்றோர் குழுவாகச் சேர்ந்து தங்கள் பகுதியில் இரவில் ஒரு சுற்று நடந்து வந்தார்கள். நம் பிள்ளைகள் குடிக்கிறார்கள் என்று சொல்ல இதை நான் எழுதவில்லை. எல்லா வீட்டிலும் ஒரே நேரம் என்று முடிவாகிவிட்டால், “மற்றவர்கள் வீட்டில் விடுகிறார்களே” என்ற வாதத்துக்கு இடமில்லாமல் போகிறது. அந்த முறை நமக்கும் உதவும்.

ஆகவே, வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு, வகுப்பு வாரியாகப் பெற்றோர் கூட்டம் வைத்திருக்கிறோம். வழக்கம்போல் ஆசிரியர் பேச, நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டமல்ல இது. பெற்றோரும் பெற்றோரும் பேசிக்கொள்வதற்காக. உங்கள் பிள்ளையின் நெருங்கிய நண்பர்களுடைய பெற்றோரின் கைபேசி எண்ணாவது உங்களிடம் இருக்க வேண்டும். சிறப்பு வகுப்பு இருந்தால், அதன் நாளையும் முடியும் நேரத்தையும் இனிமேல் பள்ளியே முன்கூட்டித் தெரிவிக்கும். அதில் இல்லாத வகுப்பு நடக்கவில்லை என்று கொள்ளுங்கள். பள்ளி விட்டபின் நூலகமும் மைதானமும் மேலும் ஒரு மணி நேரம் திறந்திருக்கும். அங்கே இருந்து பார்த்துக்கொள்ள, வாரத்தில் ஒரு நாள் வரக்கூடிய பெற்றோர், தாத்தா பாட்டி, முன்னாள் மாணவர்கள் தேவை. படிப்பு சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் உள்ள கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. கடுமையான சூழலில் வளர்ந்தும் நன்றாக வந்தவர்களுக்கு, பெற்றோர் அல்லாத பெரியவர் ஒருவரின் அக்கறை பெரும் துணையாக இருந்ததை அது காட்டியது. அந்த ஒருவராக நீங்கள் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு இருக்க முடியும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாணவரின் பெயரைக் குறிப்பிட்டு, “இவனோடு சேர்ந்துதான் என் பிள்ளை கெடுகிறான்” என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பிள்ளையின் தாயும் அதே குழுவில் இருக்கிறார். இனி எந்தப் பிள்ளையின் பெயரும் அங்கே வரக் கூடாது. மீறுபவர்கள் குழுவிலிருந்து நீக்கப்படுவார்கள். புகார் இருந்தால் வகுப்பாசிரியரிடம், அல்லது என்னிடம் நேரில் சொல்லுங்கள், தீர விசாரிப்போம்.

இதைப் படித்து யாரேனும் மனம் வருந்தினால், தயவுசெய்து வந்து பேசுங்கள். சனிக்கிழமை வேலை இருப்பவர்கள் வேறு நேரத்தைத் தெரிவித்தால், அதற்கேற்ப ஏற்பாடு செய்கிறோம். தாமதமாகும் பெற்றோருக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் தம் பிள்ளையோடு அழைத்துச் செல்பவர்கள் உங்களில் இருக்கிறார்கள். கேட்காமலேயே அவர்கள் செய்துவரும் இந்த உதவிக்குப் பள்ளியின் சார்பில் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்