மதிப்பெண் கேட்காத இடத்தில் நம் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு மேற்படிப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, அமெரிக்காவில் இயற்பியல் பிஎச்.டி. சேர ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வு எழுதியே ஆக வேண்டுமா என்று கேட்டு இரண்டு பிள்ளைகள் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளைகள். முப்பது வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

2020இல் கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடியபோது பல இயற்பியல் துறைகள் ஜிஆர்இ மதிப்பெண் கேட்பதை நிறுத்தின. நிலைமை சரியான பிறகும் பல துறைகள் பழையபடி திரும்பவில்லை. சில துறைகள் நாம் மதிப்பெண் அனுப்பினாலும் பார்ப்பதில்லை, சில உங்கள் விருப்பம் என்கின்றன, சில கேட்கத்தான் செய்கின்றன. இது வருடத்துக்கு வருடம் மாறும். அதனால் பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தோடு நிற்காமல், இயற்பியல் துறையின் சேர்க்கைப் பக்கத்தையே பார்க்க வேண்டும்.

இது தெரியாமல் என் மாணவி ஒருத்திக்கு ஒரு வருடம் போனது. ஜிஆர்இ மதிப்பெண் இல்லாமல் விண்ணப்பமே போடமுடியாது என்று பயிற்சி மையம் ஒன்றில் சொல்லியிருக்கிறார்கள். ஜிஆர்இயில் இயற்பியலுக்கென்று தனியாக உள்ள தேர்வுக்கு மட்டும் 150 டாலர். அவள் அப்பா பச்சைத் தேயிலை விற்ற பணத்தில் கட்டினார். அக்டோபர் மழையில் தேர்வு எழுதப் பெங்களூருக்குக் கிளம்பியவள், குஞ்சப்பனை அருகே மண் சரிந்து பேருந்திலேயே ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தேர்வும் போனது, பணமும் போனது. மறுவருடம் மதிப்பெண் கேட்காத துறைகளாகப் பார்த்து விண்ணப்பித்தாள், இடம் கிடைத்தது.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஜிஆர்இ மதிப்பெண் கேட்காத இடத்தில் எதைப் பார்ப்பார்கள்? கல்லூரி மதிப்பெண் பட்டியல், ஆய்வு அனுபவம், மாணவர் தன்னைப் பற்றி எழுதும் கட்டுரை, அப்புறம் பெரும்பாலும் மூன்று ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள். அந்தக் கடிதத்தில்தான் நாம் பிள்ளைகளைக் கைவிடுகிறோம். 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, வாழ்த்துகள்' என்று நான்கு வரி. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அது தவறு.

இந்த மாணவிக்கு எழுத உட்கார்ந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. கண்ணாடி முப்பட்டகத்தில் ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனையில் அவளுக்கு ஒளிவிலகல் எண் சரியாக வரவில்லை. மற்றவர்கள் பழைய ரெக்கார்டைப் பார்த்து எண்ணைப் போட்டுவிட்டுப் போனார்கள். இவள் மூன்று நாள் அந்தக் கருவியோடு கிடந்து, முப்பட்டகம் வைக்கும் மேடையில் ஒரு திருகு தேய்ந்து மட்டம் சாய்வதைக் கண்டுபிடித்தாள். அடியில் மடித்த காகிதம் வைத்து மட்டம் பார்த்து, எல்லா அளவையும் மறுபடி எடுத்தாள். அதைத்தான் ஒரு பக்கத்துக்கு எழுதினேன்.

ஆய்வு அனுபவத்துக்கும் நம் மலையில் பஞ்சமில்லை. ஊட்டி அருகே முத்தோரையில் மலைச்சரிவோடு சரிவாக 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் நிற்கிறது. ஊட்டியிலேயே, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராயும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்குள்ள கிரேப்ஸ்-3 கருவி, அந்தக் கதிர்களால் காற்றில் உண்டாகும் மியூவான் என்ற நுண்துகள்களை அளந்ததைக் கொண்டுதான் 2014 டிசம்பரில் ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். இவற்றைப் பேருந்து ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்காமல் எம்.எஸ்சி. முடிக்கிற பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் (டி.ஐ.எப்.ஆர்.) நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கும், அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால நிதியுதவிக்கும் விண்ணப்பிக்கச் சொல்லி ஆசிரியர்கள்தான் பிள்ளைகளைத் துரத்த வேண்டும்.

அமெரிக்கத் துறைகள் பலவற்றுக்குக் கடைசி நாள் டிசம்பர் நடுவில் வரும். பிள்ளைகளே, கடிதம் கேட்டு அக்டோபரிலேயே ஆசிரியரிடம் போங்கள். உங்கள் ஆய்வக நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.