ஞாயிற்றுக்கிழமை புத்தகம் மாற்றிக்கொள்ள

கொழிஞ்சாம்பாறை நண்பர்களுக்கு வணக்கம்.

ஓ.வி. விஜயனின் மலையாள நாவல் 'கசாக்கின் இதிகாச'த்தை (1969) ஒருவழியாக முடித்துவிட்டேன். யூமா வாசுகியின் தமிழில்தான். மலையாளம் சரளமாகப் பேசுவேன், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்க நாலு பக்கத்துக்கு மேல் பொறுமை இல்லை. ஓராசிரியர் பள்ளி நடத்த ரவி பேருந்தை விட்டு இறங்கும்போதே நம் பனங்காட்டுக் காற்று அடிக்கத் தொடங்கிவிடுகிறது. கதை நடக்கும் கசாக்குக்கு மூலமான தஸ்ராக் கிராமம் நம் பாலக்காட்டுப் பக்கம்தானே! ரவியின் மனக்குழப்பம் சில இடங்களில் அலுப்புத் தட்டியது. தும்பி பிடித்துத் திரியும் அப்புக்கிளிதான் என்னோடு தங்கிவிட்டான்.

அப்புறம், இரும்புக்கை மாயாவி. முத்து காமிக்ஸ் 1972-இல் தொடங்கியதே இவனை வைத்துத்தான். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும் கட்டத்தைத் தாண்ட இப்போதும் மனம் வருவதில்லை. கதை? சரி, பத்து வயதுக்காரர்களுக்கு.

இரண்டையும் ஞாயிறு மாலை கொண்டுவருகிறேன். வேண்டுபவர்கள் இங்கேயே சொல்லிவிடுங்கள். காமிக்ஸில் இருக்கும் டீக்கறை என் பேரன் வேலை இல்லை, என்னுடையதுதான்.

போன முறை நான் கொடுத்த சிறுகதைத் தொகுப்பு யாரிடம் இருக்கிறது? அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவாருங்கள்.